கிணற்றுக்குள் போன வெற்றிக்கிண்ணம்

கேள்வி: என் மகனுக்கு வயது 15. வடமராட்சியில் ஒரு சாதாரணப் பாடசாலையில் தரம் 10 படிக்கிறான். பிறவியிலேயே பெருமூளை வாதம். வலது கையும் வலது காலும் இறுக்கம். கெந்திக் கெந்தி நடப்பான், சைக்கிள் ஓடுவான், இடது கையால் எழுதுவான். இந்த ஆண்டு பாடசாலையின் இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டியில் அவனுக்கும், கண்பார்வை குறைந்த தரம் 6 பிள்ளை ஒன்றுக்கும் சேர்த்து ‘விசேட ஓட்டம்’ ஒன்று வைத்தார்கள். இருவருக்கும் முதலிடம் என்று அறிவித்து, மாலை போட்டு, ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தார்கள். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. நான் அழுதுவிட்டேன். கனடாவில் இருக்கும் என் தம்பியும் வீடியோவைப் பார்த்துவிட்டு, தொலைபேசியில் பேசமுடியாமல் அழுதான். அன்று இரவு மகன் விறாந்தையில் நின்றபடியே அந்தக் கிண்ணத்தைக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டான். மூன்று நாள் பாடசாலைக்குப் போகவில்லை. இப்போது, ஊர் விளையாட்டுக்கழக மைதானத்தில் இரும்புக்குண்டு போடப் பழகப்போகிறேன், பையன்களோடு கிரிக்கெட்டும் விளையாடப்போகிறேன் என்கிறான். ‘வெயிலில் விடாதே, விழுந்தால் உள்ள காலும் போய்விடும்’ என்கிறார் அம்மம்மா. மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிக்கு அனுப்பு என்கிறான் தம்பி. மகனோ, ‘நான் அந்தக் கூட்டம் இல்லை’ என்கிறான். அவன் உடம்புக்கு இதெல்லாம் ஆபத்தா? பாடசாலையில் நடந்தது பிழையா? அவர்கள் நல்ல மனதோடுதானே செய்தார்கள்? நான் என்ன செய்ய, டொக்டர்? கிண்ணம் இன்னும் கிணற்றுக்குள்தான் கிடக்கிறது. எடுப்பதா, விடுவதா?
ஒரு தாய், வடமராட்சி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் டொக்டர் இல்லை, இயன்மருத்துவர். 26 ஆண்டுகளாகப் பிறருடைய முழங்கால்களை மடக்கி நீட்டிச் சம்பாதிக்கிறவள். அதனாலோ என்னவோ, உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்குக் கண்ணீர் வரவில்லை. விறாந்தைக்கும் கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்ற கேள்விதான் வந்தது. இருட்டில், இடது கையால், நின்ற நிலையில் எறிந்த பொருள் கிணற்றுக் கட்டைத் தாண்டி உள்ளே விழுந்திருக்கிறது. விறாந்தையோடு ஒட்டி யாரும் கிணறு வெட்டுவதில்லை. அந்தக் கையில் ஏதோ இருக்கிறது.

கேலி செய்கிறேன் என்று எண்ணவேண்டாம். உங்கள் மகன் ஏன் எறிந்தான் என்பது எனக்கு ஓரளவு விளங்குகிறது. விளங்கவைத்தது என்னுடைய பிழை ஒன்று. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்திருந்த காலம். முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தவர்களுக்கு ஒரு விளையாட்டு நாள் நடத்தினோம். எங்கே, எந்த அமைப்பு என்பதெல்லாம் வேண்டாம். ஒழுங்கு செய்தவர்களில் நானும் ஒருத்தி. நாற்காலிகள் எல்லாம் வைத்தியசாலைப் பாவனைக்குரியவை. சின்ன முன்சில்லு மணலில் புதைந்தது. ஏழெட்டுப் பேர் கைகளால் உந்தி உந்தி வந்தார்கள். பந்தலில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஒலிவாங்கி பிடித்தவர் ‘தன்னம்பிக்கை, தன்னம்பிக்கை’ என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். முடிவில் எல்லாருக்கும் ஒரே பரிசு: பிளாஸ்ரிக் வாளி, அதற்குள் சவர்க்காரமும் ஒரு துவாயும்.

வாகனத்தில் ஏற்றும்போது ஒருவர் என்னைக் கூப்பிட்டார். முப்பது வயது இருக்கும். ‘மிஸ், நான் இரண்டாவதா, மூன்றாவதா?’ என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அத்தனை பேர் அவரையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். எத்தனையாவதாக வந்தார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. வாளியை மடியில் வைத்துக்கொண்டு அவர் போனார். அந்த வாரமே ஓர் அளவு நாடாவும் ஒரு நிறுத்தற்கடிகாரமும் வாங்கினேன். அந்த நாடாவில் இப்போது முதல் ஐந்து சென்ரிமீற்றர் எழுத்து அழிந்துவிட்டது. கடிகாரம் மூன்றாவது கடிகாரம்.

நாங்கள் சின்னவர்களாக விளையாடும்போது தம்பியோ தங்கையோ அழுதுகொண்டு வந்தால் என்ன செய்வோம்? ‘சரி, வா’ என்று சேர்த்துக்கொள்வோம். ஆனால் அவர்களைப் பிடித்தாலும் கணக்கில்லை, அவர்கள் பிடித்தாலும் கணக்கில்லை. அதற்குத் தமிழில் ஒரு பெயர் வைத்திருக்கிறோம்: ஒப்புக்குச் சப்பாணி. அந்தச் சொல்லை நின்று யோசித்துப் பாருங்கள். கணக்கில் சேராத ஆளுக்குப் பெயர் தேடிய நம் முன்னோருக்கு, கால் இயலாதவன்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்திருக்கிறான். உங்கள் மகனை அன்று மாலை போட்டு மேடையேற்றி ஒப்புக்குச் சப்பாணி ஆக்கினார்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கிறது. மைதானத்தில் அதை அறியாமல் இருந்தவர்கள் பெரியவர்கள்தான்.

நல்ல மனதோடு செய்தார்களா என்றால், ஆம். நாங்களும் நல்ல மனதோடுதான் வாளி கொடுத்தோம். அதனால் பாடசாலையோடு சண்டைக்குப் போகவேண்டாம். ஆனால் நடந்தது பிழைதான். பார்வை குறைந்த ஒரு சின்னப்பிள்ளையையும் ஒரு பக்கம் இறுகிய உங்கள் மகனையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டால் அதில் எதை அளக்கமுடியும்? கண்ணையா, காலையா? அளக்க எதுவும் இல்லாததால்தான் இருவருக்கும் முதலிடம். (அந்தத் தரம் 6 பிள்ளையின் தாய் எனக்கு எழுதவில்லை. நீங்கள் அவரைச் சந்தித்தால், பார்வை இல்லாத ஓட்டக்காரர் ஒருவர் கூடவரும் துணை ஓட்டக்காரரோடு கையில் ஒரு சின்னக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவது உலகம் முழுவதும் உள்ள முறை என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்குத் தேவை மாலை இல்லை, கூட ஓடுவதற்கு ஒரு தரம் 9 அண்ணன்.)

அதிபரிடம் போவதைவிட உடற்கல்வி ஆசிரியரிடம் போங்கள். முறைப்பாடாக வேண்டாம், கேள்வியாகப் போங்கள்: ‘அடுத்த ஆண்டு இவன் குண்டு போடுதலில் தன் இல்லத்துக்காகப் பதியலாமா?’ அவ்வளவுதான். தன் வயதுப் பிரிவில் மற்றவர்களோடு வரிசையில் நின்று மூன்று தடவை போடட்டும். தூரத்தை மற்றவர்களுக்கு வாசிப்பதுபோல் வாசிக்கட்டும். அவன் கடைசியாக வந்தால் கடைசி என்று எழுதட்டும். இல்லத்துக்குப் புள்ளி கிடைக்க ஒரு வழி வேண்டுமென்றால், முதல் தவணையில் அவன் போட்ட தூரத்தைக் குறித்துவைத்து, போட்டியன்று அதைத் தாண்டினால் புள்ளி என்று வைக்கலாம். ஆசிரியருக்கு இதனால் ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவாகும்.

ஆசிரியர் தயங்கினால் மென்மையாக ஒன்றை ஞாபகப்படுத்தலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 30ஆம் உறுப்புரை விளையாட்டைப் பற்றியும் பேசுகிறது: எல்லாரும் விளையாடும் பொது விளையாட்டில் இவர்களும் பங்குகொள்ள ஊக்குவிக்கவேண்டும், இவர்களுக்கென்றே அமைந்த விளையாட்டுகளை நடத்தவும் வாய்ப்புத் தரவேண்டும், பாடசாலையில் நடக்கும் விளையாட்டில் பிள்ளைகளுக்குச் சமமான இடம் வேண்டும். ஒன்றைக் கொடுத்தால் மற்றது வேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை. உங்கள் தம்பியும் உங்கள் மகனும் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள். எனக்கு இரண்டு பாதியும் வேண்டும்.

‘நான் அந்தக் கூட்டம் இல்லை’ என்று அவன் சொல்வதற்கு இப்போது வருகிறேன். இது திமிர் என்று நினைத்துத் திட்டிவிடாதீர்கள். இதுவரை அவன் கண்ட ‘அந்தக் கூட்டம்’ எது? வாளி வாங்கும் கூட்டம். டிசம்பர் மாதம் மேடையில் வரிசையாக இருத்தி, பிரமுகர்கள் பேசி முடியும்வரை காத்திருக்க வைக்கப்படும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் நானும் இருக்கமாட்டேன். வலது குறைந்தோர், ஊனமுற்றோர், விசேட தேவையுடையோர், மாற்றுத்திறனாளிகள் என்று நம்முடைய ஆயுளில் எத்தனையோ பெயர்ப்பலகை மாற்றியாகிவிட்டது. பலகை மாட்டிய கட்டடத்தின் வாசற்படி மட்டும் இன்னும் அதே உயரம்.

ஆனால் அவன் காணாத இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதைப் பற்றி அவனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டு முறிந்த படைவீரர்களுக்கென ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. பொறுப்பாக இருந்தவர் லுட்விக் குட்மன், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத வைத்தியர். அப்படிப்பட்ட நோயாளிகள் அதிக காலம் வாழமாட்டார்கள் என்று மருத்துவ உலகமே கைவிட்டிருந்த காலம் அது. அவர் அவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி விளையாட வைத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரை வைத்து ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். மாற்றுத்திறனாளிகள் மோதும் இன்றைய பராலிம்பிக் போட்டிகளின் வேர் அதுதான். அவர் ஏன் வில்லை எடுத்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். நாற்காலியில் இருப்பவரும் நின்று எய்பவரும் கிட்டத்தட்டச் சமமாக மோதக்கூடிய விளையாட்டு அது. அம்பு குத்திய வட்டத்துக்கு எத்தனை புள்ளியோ அத்தனைதான். பார்க்கிறவர் அழுதாலும் ஒரு புள்ளி கூடப்போவதில்லை. 1960இல் ரோமில் முதல் பராலிம்பிக் நடந்தபோது 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் வந்தார்கள்.

அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு வகுப்பு இலக்கம் உண்டு. உங்கள் மகனைப்போல் பெருமூளை வாதத்தால் ஒரு பக்கம் இறுகியவர்கள் தடகளத்தில் பெரும்பாலும் 37, 38 என்ற வகுப்புகளில் வருவார்கள். எது என்பதைப் பயிற்சி பெற்ற வகைப்படுத்துநர்கள் நேரில் சோதித்துத்தான் சொல்லவேண்டும். கடிதத்தை வைத்து நான் சொல்லக்கூடாது. பரிதாபத்தை அளந்து ஒட்டும் சீட்டு என்று அவன் இதை நினைக்கலாம். குத்துச்சண்டையில் எடைப்பிரிவு இருக்கிறது. அவனுடைய பாடசாலையிலேயே வயதுப்பிரிவு இருக்கிறது. தரம் 6 பிள்ளையை உயர்தர வகுப்பு அண்ணனோடு ஓடவிட்டு ‘பாவம், இவனுக்கும் முதலிடம்’ என்று யாரும் சொல்வதில்லை. இலக்கமும் அப்படித்தான். அங்கே எதிரே நிற்பவனுக்கும் ஒரு பக்கம் இறுக்கம். அவன் உங்கள் மகனைப் பார்த்து இரக்கப்படமாட்டான். தோற்கடிக்கப் பார்ப்பான். இதுவரை யாரும் உங்கள் மகனுக்குச் செய்யாத மரியாதை அது.

நம் நாட்டிலும் இதற்கு வழித்தடம் இருக்கிறது. 2012 லண்டனில் பிரதீப் சஞ்சய 400 மீற்றரில் வெண்கலம் வென்றார். இலங்கைக்கு அதுவே முதல் பராலிம்பிக் பதக்கம். டோக்கியோவில் 2021 ஓகஸ்ட் மாதம் தினேஷ் பிரியந்த ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் எடுத்தார். அதே போட்டிகளில் வெண்கலம் பெற்ற சமித்த துலான் 2024 பாரிஸில் 67.03 மீற்றர் எறிந்து வெள்ளி பெற்றார். இவர்கள் படையைச் சேர்ந்தவர்கள் என்பதை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சொல்லும்போது கேட்பவர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இதில் வேறொரு கணக்குத்தான் தெரிகிறது. காயப்பட்ட பிறகும் அவர்களுக்குச் சம்பளம் வந்தது, மைதானம் இருந்தது, பயிற்றுநர் இருந்தார், நாளைக்கும் வா என்று சொல்ல ஓர் அமைப்பு இருந்தது. இந்தப் பக்கத்தில் அதே காயங்களோடு என் கட்டிலுக்கு வந்தவர்களுக்கு அந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. யாழ்ப்பாணத்தில் 1980களிலிருந்தே ஜெய்ப்பூர் செயற்கைக்கால் செய்கிறார்கள். குந்தி இருக்கலாம், வெறுங்காலோடு வயலில் இறங்கலாம், அருமையான கால். அந்தக் கால் மாலையில் போய் ஓடுவதற்கு ஓர் இடத்தைத்தான் நாம் இன்னும் செய்யவில்லை.

தமிழ்நாட்டில் சேலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பஸ் ஒன்று மேலே ஏறி வலது கால் நசுங்கியது. பாடசாலையில் கரப்பந்து ஆடித்திரிந்தவரை உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் உயரம் பாய்ந்து பார் என்றார். 2016 ரியோவில் 1.89 மீற்றர் பாய்ந்து தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அவர் பதினான்கு வயதில் முதன்முதலாகப் போட்டியிட்டது ஊனம் இல்லாத பிள்ளைகளோடு. இரண்டாமிடம் வந்தார். இரண்டாமிடம் என்று யாரோ ஒருவர் பார்த்துக் குறித்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

பதக்கக் கதையைச் சொல்லி உங்கள் வீட்டில் ஆசையை வளர்க்க நான் வரவில்லை. உங்கள் மகன் எதையும் வெல்லாமலே போகலாம். பெரும்பாலான பையன்கள் எதையும் வெல்வதில்லை.

இனி உடம்பு. இங்கேதான் என் தொழில்.

பெருமூளை வாதம் உள்ளவர்கள் பாரம் தூக்கினால் இறுக்கம் கூடிவிடும் என்று நான் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். நாங்களும் பெற்றோருக்கு அப்படியே சொன்னோம். அந்த எண்ணம் இப்போது கைவிடப்பட்டுவிட்டது. முறையாகத் தசையைப் பலப்படுத்தினால் இறுக்கம் கூடுவதில்லை. களைத்துப்போன நாளில் கை கொஞ்சம் மடங்கி இழுக்கும், ஓய்வெடுத்தால் இறங்கிவிடும். அம்மம்மா சொல்வது முன்பு நாங்கள் சொன்னதுதான், ஆகவே அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

உண்மையான ஆபத்து சும்மா இருப்பதில் இருக்கிறது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளர்வதில்லை, பிள்ளை வளர்கிறது. இந்த வயதில் எலும்பு கிடுகிடுவென்று நீளும். இறுகிய கெண்டைத்தசை அந்த வேகத்துக்கு நீளாது. பத்து வயதில் குதிக்கால் ஊன்றி நடந்தவன் பதினைந்தில் நுனிக்காலில் நடக்கத் தொடங்குவது இதனால்தான். ஆகவே நாளுக்கு இரண்டு தடவை கெண்டைத்தசையை நீட்டும் பயிற்சி கட்டாயம்: சுவரில் கை ஊன்றி, வலது காலைப் பின்னால் வைத்து, குதிக்கால் நிலத்தில் படும்படி, அரை நிமிடம், ஐந்து தடவை. மைதானத்துக்குப் போகும் முன்னும் இதே. மற்றப் பையன்கள் ஐந்து நிமிடத்தில் உடம்பைச் சூடாக்கிக்கொள்வார்கள், இவனுக்குப் பதினைந்து நிமிடம் வேண்டும்.

குண்டு போடுதலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பயிற்றுவிப்பவருக்கு இந்தப் பகுதியை வாசித்துக்காட்டுங்கள். இடது கையால் போடுகிறவன் முடிவில் முன்னால் ஊன்றித் தடுத்து நிற்கும் கால் வலது கால். அதாவது உங்கள் மகனின் பலவீனமான கால்தான் அவனுடைய சுவராக நிற்கவேண்டும். கை எவ்வளவு பலமாக இருந்தாலும் அந்தச் சுவர் சரிந்தால் குண்டு அரை மீற்றர் குறைவாக விழும். அதனால் முதல் மூன்று மாதம் வட்டத்துக்குள் வழுக்கிச் சுழலும் வித்தை எதுவும் வேண்டாம். நின்ற நிலையில், பக்கவாட்டாக, பாரம் குறைந்த குண்டு. கூடவே வலது காலை மட்டும் ஊன்றித் தாழ்ந்த படியில் ஏறி இறங்கும் பயிற்சி. முதலில் பத்து, பிறகு இருபது. வலது கை சும்மா மடங்கிக் கிடக்கும், அதை இழுத்து நேராக்கப் பார்க்கவேண்டாம். அதற்குப் பதிலாக இடுப்பும் மார்பும் திரும்பப் பழகட்டும். தோற்றத்தைத் திருத்தப் போனால் தூரம் போய்விடும்.

விழுவான். கட்டாயம் விழுவான். ஆகவே விழப் பழக்குங்கள். கோயில் வீதி மணலில், மாலை நேரத்தில், நாடியை மார்போடு ஒட்டிக்கொண்டு இடது தோளில் உருண்டு விழுவது எப்படி என்று பத்து நாள் பழகினால் போதும். வலது கையை ஊன்றி விழுவதுதான் ஆபத்து, மணிக்கட்டு முறியும். காலணி இரண்டு பக்கமும் இறுக்கமாகக் கட்டும் வகையாக இருக்கட்டும். வலது காற்பெருவிரலை இழுத்து நடக்கிறவன் என்றால் ஒவ்வொரு மாலையும் விரல் நுனியைப் பாருங்கள், காயத்தை அவன் சொல்லமாட்டான். வெயில் இறங்கிய பிறகு போகட்டும், தண்ணீர்ப் போத்தல் கையோடு போகட்டும். சிறு வயதில் எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலோ, இன்னும் மாத்திரை எடுத்தாலோ, போகுமுன் கிளினிக்கில் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவேண்டாம். நோ அடுத்த நாள் மாலைக்குள் போய்விட்டால் அது பயிற்சியின் நோ. அதற்கு மேலும் இருந்தால் அளவு கூடிவிட்டது, குறையுங்கள்.

கிரிக்கெட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இடது கையால் பந்து வீசலாம், களத்தில் நிற்கலாம், ஒரு கையால் துடுப்பைப் பிடித்து மற்றதால் தாங்கலாம். ஆட்டத்தின் விதியை அந்தப் பையன்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். ஊர்ப் பையன்களுக்கு விதி செய்வதில் நம்மைவிடத் திறமை அதிகம். மதிலுக்கு மேலால் போனால் ஆட்டமிழப்பு என்று சட்டம் இயற்றியவர்கள் அவர்கள். ஒன்றை மட்டும் பாருங்கள். முதல் பந்திலேயே பொல்லு விழுந்தால் அவன் வெளியே வரவேண்டும். ‘பாவம், இன்னொரு பந்து போடு’ என்று யாராவது சொன்னால் பழையபடி ஒப்புக்குச் சப்பாணி. இன்னொரு பொறியும் இருக்கிறது: புள்ளி எழுதும் வேலை. நம் ஊரில் கால் இயலாத பிள்ளை மைதானத்துக்குப் போனால் கையில் ஒரு கொப்பியும் பேனாவும் திணித்துவிடுவார்கள். அவனாக விரும்பினால் எழுதட்டும். விளையாடி முடித்த பிறகு.

கழகத்துக்காரரைச் சந்தித்தால் ஒரு யோசனை சொல்லுங்கள். எந்த ஊர்க் கழகத்திலும் ஒரு கரப்பந்தாட்டத் திடல் இருக்கும். அமர்ந்தாடும் கரப்பந்தாட்டம் என்று ஒன்று உண்டு. திடல் 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம். வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீற்றர், பெண்களுக்கு 1.05. பந்தை அடிக்கும்போது பிட்டம் நிலத்தைவிட்டு எழும்பக்கூடாது. சர்வதேசப் போட்டியில் வகைப்படுத்தப்பட்டவர்கள் மட்டும்தான் ஆடலாம், ஊர்த் திடலில் அந்தக் கட்டாயம் இல்லை. எல்லாரையும் இருத்தி ஒருநாள் ஆடிப்பாருங்கள். எழும்பி அடிப்பதில் சூரர்கள் எல்லாம் முதல் நாள் தவளைபோலத் துள்ளி, விசில் வாங்கி, முழிப்பார்கள். செயற்கைக்காலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து இருக்கும் நடுவயதுக்காரர் ஒருவர் கைகளால் தரையில் சறுக்கி நகர்வதைப் பார்த்தால், யாரிடம் யார் பழகவேண்டும் என்பது தலைகீழாகிவிடும். பார்வையற்றவர்கள் ஆடும் கோல்போலுக்கு வேண்டிய திடலும் 18க்கு 9 மீற்றர்தான். நம் கரப்பந்தாட்டத் திடலின் அதே அளவு. உள்ளே மணி வைத்த பந்து, கோடுகளுக்குக் கீழே கையால் தடவி அறிய ஒரு கயிறு, எல்லாருடைய கண்ணுக்கும் கட்டு. பார்ப்பவர்கள் மூச்சு விடாமல் அமைதியாக இருக்கவேண்டும் என்பதுதான் நம் ஊருக்குச் சிரமமான விதி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. பிள்ளை விளையாடலாமா என்று என்னிடம் கேட்ட தாய்மார் பலர். அவர்களில் மகளுக்காகக் கேட்டவர்களை எண்ண ஒரு கை போதும். உங்கள் பிள்ளை பெண்ணாக இருந்திருந்தால் விசேட ஓட்டத்துக்குக்கூடப் பெயர் வந்திருக்காது, பந்தலுக்குக் கீழே பூத்தட்டோடு நின்றிருப்பாள். 2024 பாரிஸ் பராலிம்பிக்கில் பூப்பந்தாட்டத்தில் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்ய ஸ்ரீ சிவன் என்று தமிழ்நாட்டுப் பெண்கள் மூவர் பதக்கம் வாங்கினார்கள். பக்கத்து வளவில் இப்படி ஒரு பெண்பிள்ளை இருந்தால், உங்கள் மகன் போகும்போது அவளையும் கூட்டிப்போங்கள்.

உங்கள் தம்பிக்குச் சுருக்கமாக: பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரையும் சமூக சேவை உத்தியோகத்தரையும் கண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான தடகளப் போட்டி எப்போது, எங்கே, பதிவதற்கு என்ன பத்திரம் வேண்டும் என்று கேளுங்கள். ஆனால் இந்த ஆண்டு அனுப்பவேண்டாம். ஆறு மாதம் ஊர் மைதானத்தில் மண் மிதித்த பிறகு, தான் போடும் தூரத்தின் எண் மனப்பாடமான பிறகு, ஒரு தடவை பார்வையாளனாகக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். தன் தூரத்தோடு அங்கே போடுகிறவர்களின் தூரத்தை ஒப்பிட்டு, ‘இவனை நான் வெல்லுவேன்’ என்றோ ‘அடேயப்பா’ என்றோ அவன் வாயிலிருந்து வந்தால் அடுத்த ஆண்டு பதியுங்கள். தம்பிக்குப் பணம் அனுப்ப விருப்பம் என்றால் கழகத்துக்குக் குண்டும் ஒரு நல்ல அளவு நாடாவும் வாங்கப் பணம் அனுப்பட்டும். வீடியோ கேட்கவேண்டாம்.

நீங்களும் கொஞ்ச நாளைக்கு மைதானத்துக்குப் போகாதீர்கள். கஷ்டம்தான். அவன் வரச்சொல்லும்வரை படலையோடு நின்றுகொள்ளுங்கள். திரும்பி வந்ததும் ‘களைத்துவிட்டாயா, விழுந்தாயா, யாரும் ஏதும் சொன்னார்களா?’ என்ற மூன்று கேள்வியும் வேண்டாம். ‘இன்றைக்கு எவ்வளவு?’ என்று கேளுங்கள். அவன் சொல்லும் மீற்றரையும் சென்ரிமீற்றரையும் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்தத் திகதிக்கு நேரே எழுதிவையுங்கள். குறைந்த நாளில் குறைந்ததையே எழுதுங்கள்.

கிண்ணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது குடிக்கிற கிணறு என்றால் எடுத்துவிடத்தான் வேண்டும். இந்தக் கிண்ணங்களில் பூசும் பொன் நிறத்தில் என்ன கலந்திருக்கிறதோ யாருக்குத் தெரியும். எப்படியும் கிணறு கலக்கி இறைக்கிற நாள் ஒன்று வரும், அன்று எடுங்கள். எடுத்ததும் அலுமாரியில் வைக்கவேண்டாம், என்ன செய்வது என்று அவனையே கேளுங்கள். அதற்கு முன் எனக்காக ஒரு வேலை: விறாந்தையில் அவன் நின்ற இடத்திலிருந்து கிணற்றுக் கட்டு வரை அளந்து எழுதி அனுப்புங்கள். காலடியால் வேண்டாம். நாடாவால்.